ப்ரெவே எழுதப் போகிறவர்களுக்கு: பஸ்ஸே ஸாம்ப்லில் புள்ளி (மதிப்பெண்) போகும் இடங்கள்

ப்ரெவே (பிரான்சில் நடுநிலைப் பள்ளி முடிவில் எழுதும் பொதுத்தேர்வு) முடிவுகள் வந்துவிட்டன, அப்பாடா. இந்தச் சூடு ஆறுவதற்குள், அடுத்த வருடம் உட்காரப் போகும் பிள்ளைகளுக்காக பஸ்ஸே ஸாம்ப்ல் (பிரெஞ்சில் எழுத்துக் கதைகளில் வரும் இறந்தகாலம்) பற்றி மட்டும் எழுதி வைக்கிறேன். புதுச்சேரி லிசேயில் (பிரெஞ்சுப் பள்ளி) இருந்து எழுதினாலும் சரி, பாரீஸ் புறநகர் கொலேழில் (நடுநிலைப் பள்ளி) இருந்து எழுதினாலும் சரி, பிரெஞ்சுத் தாளில் பிள்ளைகளை அதிகம் கவிழ்ப்பது இதுதான். தாளின் அமைப்பு எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். எழுத்துக்கூட்டும் இடங்களில் ஆங்கில எழுத்துப் பெயர்களையே போடுகிறேன்.

முதலில், எல்லாவற்றையும் விட முக்கியமானது. மற்றதைப் படிக்க நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது படியுங்கள்.

'பர்லே' (பேசுவது) என்று காதில் விழும் ஒரே ஒலியைப் பல விதமாக எழுதலாம். மூலவினையாக இருந்தால் கடைசியில் ஈ-ஆர். பார்ட்டிசிப் பஸ்ஸே ('பேசிய' போன்ற எச்ச வடிவம்) என்றால் அக்ஸான் (மேலே சாய்கோடு) போட்ட ஈ. 'ழெ' (நான்) எழுவாயோடு பஸ்ஸே ஸாம்ப்ல் என்றால் ஏ-ஐ. அம்பர்ஃபே (தொடர்ந்த அல்லது பழக்கமான செயலுக்கான இறந்தகாலம்) என்றால் ஏ-ஐ-எஸ். பஸ்ஸே ஸாம்ப்லையும் அம்பர்ஃபேயையும் நுணுக்கமாக உச்சரித்தால் கொஞ்சம் வேறுபடும் என்பார்கள். சொல்வதெழுதலின்போது தேர்வு அறையில் வாசிப்பவரின் குரலில் அந்த நுணுக்கத்தை நம்பி உட்காராதீர்கள்.

அந்த இடத்தில் 'வோந்த்ர்' (விற்பது) வினையைப் போட்டுப் பாருங்கள். அதற்கு நான்கு வடிவமும் நான்கு ஒலி: மூலவினை வோந்த்ர், பார்ட்டிசிப் வோந்த்யூ, பஸ்ஸே ஸாம்ப்ல் வோந்தி, அம்பர்ஃபே வோந்தே. அர்த்தம் பொருந்தாவிட்டால் பரவாயில்லை, இலக்கணம் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. 'வோந்தி' பொருந்தினால் ஏ-ஐ, எஸ் கிடையாது. 'வோந்தே' பொருந்தினால் ஏ-ஐ-எஸ். எழுவாயை 'இல்' (அவன்) ஆக மாற்றிப் பார்ப்பதும் இதே வேலையைச் செய்யும்: 'இல் பர்லா' வந்தால் பஸ்ஸே ஸாம்ப்ல், 'இல் பர்லே' வந்தால் அம்பர்ஃபே. ஆனால் மூலவினையையும் பார்ட்டிசிப்பையும் அது பிரித்துக் காட்டாது. அதனால் என் ஓட்டு வோந்த்ருக்கே.

ஒரு வாக்கியத்தில் பார்ப்போம். 'ழெ மர்ஷே லெ லோன் த்யூ கே, கான் ழெ த்ரூவே யூன் க்ளே.' துறை ஓரமாக நடந்துகொண்டிருந்தேன், அப்போது ஒரு சாவியைக் கண்டெடுத்தேன். முதல் வினை பின்னணி, நீண்டுகொண்டே இருந்த செயல். அங்கே 'வோந்தே'தான் உட்காரும், எனவே எஸ் உண்டு. இரண்டாவது சட்டென்று நடந்து முடிந்தது, அங்கே 'வோந்தி', எனவே எஸ் இல்லை. தமிழில் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாலும் உதவும்: '-கொண்டிருந்தேன்' வந்தால் அம்பர்ஃபே. பழக்கமாகச் செய்ததும், ஒரு நிலை அப்படியே இருந்ததும் அம்பர்ஃபேதான் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி வடிவங்கள்.

ஒவ்வொரு வினைக்கும் ஆறு வடிவ அட்டவணை போட்டு உருப்போடுவது நேர விரயம். மொத்தம் நான்கே குடும்பம். 'இல்' வடிவம் தெரிந்தால் குடும்பம் தெரிந்துவிடும், மற்ற ஐந்தும் தானாக வரும்.

ஏ குடும்பம்: ஈ-ஆரில் முடியும் எல்லா வினைகளும், 'அலே' (போவது) உட்பட. ஒருமை முடிவுகள் (நான், நீ, அவன் வரிசையில்) ஏ-ஐ, ஏ-எஸ், ஏ. பன்மையில் 'இல்' வடிவம் கிராவ் (இடப்பக்கம் சாய்ந்த குறி) போட்ட ஈ, பிறகு ஆர்-ஈ-என்-டி.

ஐ குடும்பம்: ஐ-எஸ், ஐ-எஸ், ஐ-டி, பன்மையில் ஐ-ஆர்-ஈ-என்-டி. இரண்டாம் குரூப் (ஐ-ஆரில் முடியும் ஒழுங்கான வினைகள்) முழுக்க இதில். மூன்றாம் குரூப்பில் (ஒழுங்கற்ற வினைகள்) ப்ராந்த்ர் (எடு), மெத்ர் (வை), வுவார் (பார்), ஃபேர் (செய்), தீர் (சொல்), எக்ரீர் (எழுது), பார்த்தீர் (கிளம்பு) என்று ஒரு பெரிய கூட்டம்.

யூ குடும்பம்: அதே முடிவுகள், ஐ இருந்த இடத்தில் யூ. அவுவார் (உடைமை), எத்ர் (இரு), பூவுவார் (முடியும்), வூலுவார் (விரும்பு), சவுவார் (அறி), துவுவார் (வேண்டும்), லீர் (படி), ப்வார் (குடி), கூரீர் (ஓடு), மூரீர் (இற), வீவ்ர் (வாழ்).

ஐ-என் குடும்பம்: வெனீர் (வா), தெனீர் (பிடி), அவற்றின் கூட்டு வினைகள். வேறு எதுவும் இல்லை.

நூ (நாம்), வூ (நீங்கள்) வடிவங்களில் முடிவின் முதல் உயிரெழுத்துக்குக் கூரைக்குறி (^) உண்டு. 'இல்' ஒருமைக்குக் கிடையாது. 'இல் ஃப்யூ'வில் (இருந்தான்) கூரை போட்டால் அது சப்ழோங்க்திஃப் அம்பர்ஃபே என்ற வேறொரு வினை வடிவம் ஆகிவிடும். ஏ குடும்பத்தின் 'இல்' வடிவத்தில் கடைசியில் டி வராது. மற்ற மூன்று குடும்பத்திலும் டி கட்டாயம்.

பார்ட்டிசிப்பை வைத்துக் குடும்பத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்லித் தருவார்கள். ப்ரி (எடுத்த), மி (வைத்த), வூல்யூ (விரும்பிய), லியூ (படித்த), க்ரியூ (நம்பிய) போன்றவற்றுக்குச் சரிதான். ஆனால் ஏமாற்றும் வினைகள் நிறைய, தேர்வில் அடிக்கடி வருவதும் அவைதான்:

– வோந்த்யூ (விற்ற), ரோந்த்யூ (திருப்பித் தந்த), பத்யூ (அடித்த): பார்ட்டிசிப்பில் யூ, பஸ்ஸே ஸாம்ப்லில் ஐ (வோந்தி, ரோந்தி, பத்தி).
– வியூ (பார்த்த): 'இல் வி'.
– எக்ரி (எழுதிய): 'இல் எக்ரிவி'. நடுவில் ஒரு வி எழுத்து கூடுகிறது.
– கோந்த்வி (ஓட்டிய): 'இல் கோந்த்விஸி'.
– நே (பிறந்த): 'இல் நாக்கி'.
– மோர் (இறந்த): 'இல் மூர்யூ'. 'மூரி' என்று எழுதுவது மிகப் பரவலான தவறு.
– வென்யூ (வந்த): 'இல் வான்', எழுத்தில் வி-ஐ-என்-டி.

ஃபி (செய்தான்), வி, ஃப்யூ எல்லாம் லத்தீன் பெர்ஃபெக்ட் (முடிந்த செயலுக்கான காலம்) வடிவங்களின் நேர் வாரிசுகள். மூலவினையைப் பார்த்து ஊகிக்க முடியாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான். இவற்றுக்கு மட்டும் மனப்பாடமே வழி.

'இல் வி' என்பதில் இன்னொரு வம்பு உண்டு. வுவாரின் பஸ்ஸே ஸாம்ப்லும் வீவ்ரின் நிகழ்காலமும் எழுத்தில் ஒன்றே: பார்த்தான், வாழ்கிறான். வாழ்ந்தான் என்றால் 'வெக்யூ'. அதேபோல 'ஃபினி' (முடித்தான்), 'தி' (சொன்னான்) ஆகியவை ஒருமையில் நிகழ்காலம் போலவே இருக்கும். சந்தேகம் வந்தால் பன்மையில் போட்டுப் பாருங்கள்: ஃபினிஸ் என்றால் நிகழ்காலம், ஃபினீர் என்றால் பஸ்ஸே ஸாம்ப்ல்.

மான்ழே (சாப்பிடு), கொமான்ஸே (தொடங்கு) வகை: ஏ வருவதற்கு முன் மான்ழேவில் ஜி-க்குப் பிறகு ஒரு ஈ சேரும், கொமான்ஸேவில் சி-க்குக் கீழே ஸெதிய் (சிறு வால் குறி) வரும். பன்மை 'இல்' வடிவத்தில் முடிவே ஈ-யில் தொடங்குவதால் இரண்டும் தேவையில்லை. கை பழக்கத்தில் அங்கேயும் போட்டுவிடும், கவனம்.

த்ரேர் (பால் கற) வினைக்கும் அதன் கூட்டு வினைகளுக்கும் பஸ்ஸே ஸாம்ப்லே கிடையாது. ரெதாக்ஸியோனில் (கதை எழுதும் பகுதி) 'எக்ஸ்த்ரேர்' (வெளியே எடு) போட வேண்டும் என்று தோன்றினால் வேறு வினைக்கு மாறிவிடுங்கள்.

ரெஎக்ரித்யூர், அதாவது எழுவாயை மாற்றி வாக்கியத்தைத் திருப்பி எழுதும் கேள்வி. இந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: 'இல் பூஸ்ஸா லா போர்த், ப்ரி ஸா வலீஸ் ஏ தெஸாந்தி, ஃபத்திகே.' கதவைத் தள்ளினான், பெட்டியை எடுத்தான், களைத்துப்போய் இறங்கினான். 'எல்' (அவள்) பன்மைக்கு மாற்றினால்: பூஸ்ஸேர், ப்ரீர், தெஸாந்தீர். ஸா (அவனுடைய) போய் லெர் (அவர்களுடைய) வரும். இவை எல்லாம் காதில் கேட்கும் மாற்றங்கள், பெரும்பாலும் தப்பாது. தப்புவது கடைசிச் சொல். ஃபத்திகே ஒலி அப்படியே இருக்கும், எழுத்தில் மட்டும் ஈ-எஸ் சேர வேண்டும்.

அதையே 'ழெ'க்கு மாற்றினால்: ப்ரி, தெஸாந்தி இரண்டும் எஸ்ஸில் முடியும். பக்கத்திலேயே இரண்டு எஸ் வருவதால் பூஸ்ஸேவுக்கும் ஒரு எஸ் போடக் கை போகும். அந்த எஸ் விழுந்தால் ஏ-ஐ-எஸ், அதாவது அம்பர்ஃபே. காலமே மாறிவிட்டது, புள்ளி போய்விட்டது. எழுதி முடித்ததும் ஏ குடும்ப வினைகளை மட்டும் தனியாக ஒரு முறை பார்த்து வாருங்கள்.

ரெதாக்ஸியோனுக்கு:

– கதையைத் தொடரச் சொன்னால், கொடுத்த பகுதி எந்தக் காலத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அது பஸ்ஸே கோம்ப்போஸேயில் (பேச்சில் வரும் இறந்தகாலம்) இருந்தால் பஸ்ஸே ஸாம்ப்லைக் கொண்டுவராதீர்கள்.
– பஸ்ஸே ஸாம்ப்லில் தொடங்கினால் கடைசி வரை அதுவே முதுகெலும்பு. உரையாடலுக்குள் மட்டும் பஸ்ஸே கோம்ப்போஸே. கதாபாத்திரம் வாய் திறந்து பஸ்ஸே ஸாம்ப்லில் பேசினால் செயற்கையாக ஒலிக்கும்.
– நூ, வூ வடிவங்கள் தேவைப்படாதபடி கதையை அமையுங்கள். 'நூ' வர வேண்டிய இடத்தில் 'மோன் ஃப்ரேர் ஏ மோன் அமி' என்று எழுவாயை மாற்றலாம்.
– சுதேன் (திடீரென்று), தூத்தாகூ (சட்டென்று) வந்த வாக்கியங்களில் முக்கிய வினை அம்பர்ஃபேயில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் தவறு.
– உறுதியாகத் தெரிந்த பதினைந்து வினைகளை 'இல்' ஒருமையிலும் பன்மையிலும் கையில் வைத்துக்கொண்டு அவற்றாலேயே கதையை நடத்துங்கள். அழகுக்காகத் தெரியாத வினையைத் தொடாதீர்கள்.
– கடைசிப் பத்து நிமிடம் கதையை மறுபடி படிக்க அல்ல. 'ழெ' வரும் இடங்களில் எல்லாம் விரலை வைத்து, வோந்தியா, வோந்தேயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முடியுங்கள்.