புது பிட்டு பழைய குழியில இறங்காது

திருச்செங்கோட்டுல போர்வெல் போடற ரிக்கு வண்டியில டிரில்லரா பதினோரு வருஷம் ஓடியிருக்கேன். எங்க ஊர்ல கிளம்புற போர் வண்டி கர்நாடகா, ஆந்திரா, மத்தியப் பிரதேசம்னு மாசக்கணக்கா சுத்திட்டுத்தான் வீடு திரும்பும்.

பாறைய ராடு சுத்தித்தான் தொளைக்குதுன்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க. அப்படியில்ல, கம்ப்ரசர் காத்து ராடு வழியா இறங்கி அதோட அடி நுனியில மாட்டியிருக்கற ஹேமருக்குள்ள இருக்கற பிஸ்டன அடிக்க வைக்கும், அந்த அடி கீழ கல்லத் தொட்டு நிக்கற பிட்டு மேல விழுந்து கல்ல நொறுக்கும், சுத்துறது ஒவ்வொரு அடிக்கும் பிட்டு முகத்துல பதிச்சிருக்கற குமிழு, அதாவது பட்டன், புது எடத்துல படணும்னுதான். அந்த பட்டன் டங்ஸ்டன் கார்பைடு, கோபால்ட் சேத்து சூட்டுல கெட்டியாக்குனது. பட்டறையில விடியான்னு சொல்றோமே, அது 1926ல ஜெர்மனி க்ரூப் கம்பெனி வச்ச பேரு, வைரம் மாதிரின்னு அர்த்தம்.

ஆனாலும் கருங்கல்லுல தேயும். வேலைக்கு வந்த ரெண்டாவது வருஷம், தர்மபுரி பக்கம் ஒரு தோட்டம். 24 ராடு, 480 அடி போயாச்சு, தண்ணி இல்ல, வெறும் வெள்ளக் கல்லுத்தூசிதான். ராடு நகர மாட்டேங்குது, சரி பிட்டு மொக்கையாயிருச்சுன்னு எல்லாத்தையும் தூக்கி புது ஆறரை இஞ்ச் பிட்ட மாட்டி இறக்குனேன். ஓரத்துப் பட்டன் தேய தேய குழியும் கீழ போகப் போக சிறுத்துட்டே வந்திருக்கும்ங்கறது எனக்கு அப்ப தோணவே இல்ல. 300 அடி தாண்டி லேசா பிடிச்சுது, அங்கயே நிறுத்தியிருக்கணும், நான் அவசரப்பட்டு அழுத்துனேன், கவ்விக்கிச்சு. ராத்திரி பூரா இழுத்துப் பாத்தோம், ஹேமரோட உள்ளயே போச்சு. தோட்டத்துக்காரப் பெரியவர் வீட்டு நகைய அடகு வச்சு போட்ட போரு அது. "எடுத்துரலாமில்ல தம்பி?"ன்னு விடிய விடிய பக்கத்துலயே நின்னாரு. எங்க வண்டி ஓனர் காசு வாங்காம வேற பாயிண்ட்டுல போட்டுக் குடுத்தாரு, 350 அடியில தண்ணி வந்துச்சு, அந்தப் பெரியவர் முகத்த அப்பக்கூட என்னால நிமிந்து பாக்க முடியல.

அதுக்கப்பறம் ஒவ்வொரு போரு முடிஞ்சதும் பிட்டக் கழுவி பட்டன் பட்டனா கட்டைவிரல வச்சுத் தடவிருவேன். தட்டையான எடம் பட்டன் அகலத்துல மூணுல ஒரு பங்கு வந்துட்டா உடனே கிரைண்டிங். அளவெடுத்து பிட்டு மேலயே சாக்பீஸ்ல எழுதி வைப்பேன், பெருசு முதல்ல இறங்கும், மாத்தணும்னா அதவிட சின்னதுதான். இப்ப கூட இருக்கற சத்தீஸ்கர் பையன் நான் சொல்லாமயே காலிப்பர எடுத்துட்டு வந்துர்றான்.