என் பெருமையை நானே எழுதணுமாம்

"சாதனைகள் எங்கே?" என்று கேட்டு, நான் எழுதிக் கொடுத்த அறிமுகத்தைத் துறை அலுவலகம் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டது. சுருக்கென்றது. சிகாகோவில் ஒரு ஆய்வகத்தில் புற்றுநோய் செல்களின் குரோமோசோம்களைப் பார்ப்பது எனக்கு வேலை. இணையதளத்தில் ஆளுக்கொரு அறிமுகப் பக்கம் போடுகிறார்கள். யாரோ நம்மைப் புகழ்வதுபோல் 'இவர் வல்லவர்' என்று நாமே எழுதித் தர வேண்டும்.

குமரி மாவட்டத்தில் களியக்காவிளைப் பக்கம் வளர்ந்தவளுக்கு இது லேசில் வருமா? அங்கே "எந்த வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டால் அறிமுகம் முடிந்தது. அதற்கு மேல் தன்னைப் பற்றியே பேசுகிறவனை "அவனுக்க ஒரு பவுசு" என்று சொல்லிவிட்டு, எல்லோரும் கட்டன்சாயா குடிக்கப் போய்விடுவார்கள்.

மாதிரிக்கு மற்றவர்களின் பக்கங்களைப் படித்தேன். அநேகமாக எல்லோருக்கும் சின்ன வயதிலேயே யாராவது மைக்ரோஸ்கோப் வாங்கித் தந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் குடை வாங்கித் தந்தார்கள். பிறகு பட்டம், ஆய்வு நிதி, விருது என்று தண்டவாளம் போல நேராக ஓடுகிறது. வழியில் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை, விசா தள்ளிப்போகவில்லை.

இதே சிகாகோவில் ஜேனட் ரவுலி என்று ஒரு குரோமோசோம் ஆய்வாளர் இருந்தார். மருத்துவப் படிப்புக்குச் சேரப் போனபோது 65 இடத்தில் பெண்களுக்கு 3தான், அதுவும் நிரம்பிவிட்டது என்று ஒன்பது மாதம் காக்க வைத்தார்கள். நாலு ஆண் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு பகுதி நேரமாகத்தான் வேலை பார்த்தார். குரோமோசோம் படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, கத்தரியால் வெட்டி ஜோடி சேர்ப்பார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். ஒருவகை ரத்தப் புற்றுநோயில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன என்று 1973இல் அவர் வெளியிட்டது இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான். அந்த மாற்றத்தால் உருவாகும் புரதத்தை முடக்கும் இமாட்டினிப் மாத்திரை 2001இல் வந்தது. அவர் பக்கத்தை நான் எழுதினால் முதல் வரியே அந்தச் சாப்பாட்டு மேசைதான்.

நம் பக்கத்து ஆளும் உண்டு. தாவரவியலாளர் தலச்சேரி ஜானகி அம்மாள், இங்கிருந்து காரில் நாலு மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஆன் ஆர்பரில் 1931இல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஊர் திரும்பித் திருவனந்தபுரத்தில் கொஞ்ச காலம் பாடம் நடத்தினார், பிறகு கோயம்புத்தூரில் கரும்பின் குரோமோசோம்களை எண்ணினார். இந்தப் பனியில் அந்தம்மா மீன்கறிக்கு என்ன செய்தாரோ!

எனக்கு இப்போது குளிர் பழகிவிட்டது. கடையில் உறையவைத்த மரச்சீனிக்கிழங்கு கிடைக்கிறது, போதும். ஆனால் வேகவைத்தால் நார் நாராக வருகிறது. அம்மை தேங்காயும் காந்தாரி மிளகும் சதைத்துப் போட்டுக் கிண்டும்போது அடுக்களையே மணக்கும். இந்தக் கிழங்கை வைத்துக்கொண்டு அதையெல்லாம் நினைக்கவே கூடாது.

பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் மாமாவின் குரல் செய்தி: "மக்ளே, மணவாளக்குறிச்சி மண்ணுலதான் இந்தச் சூக்கேடு வருதுண்ணு இஞ்ச எல்லாரும் சொல்லுதாவ. நெசமா?"

சூக்கேடு என்று அவர் சொன்னது புற்றுநோயை. அந்தக் கடற்கரைக் கறுப்பு மண்ணில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் கதிர்வீச்சுள்ள தோரியம். அதே வகை மண் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பத்தாண்டுக்கும் மேல் கவனித்து, கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009இல் வெளியிட்டார்கள். சொன்னேன். "நீ அமெரிக்கால இருந்துகிட்டு சொல்லுவ" என்றார், வாயில் வெற்றிலையோடு. அந்த வெற்றிலைக்குள் இருக்கும் புகையிலையைப் பற்றிப் பேச்சே எடுக்க விடமாட்டார்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளில் 1996இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். அவற்றில் ஏழில் மட்டும் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார்கள். அவ்வளவுதான். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்று மரணம் மற்ற ஆறு பஞ்சாயத்துகளைவிட அங்கே 34 சதவீதம் குறைவு என்று 2005இல் முடிவு வந்தது. வெயிலில் நடந்து, எத்தனையோ மாமாக்களிடம் ஏச்சும் வாங்கியிருக்கக்கூடிய அந்தப் பணியாளர்களுக்கு எந்த இணையதளத்தில் படம் போட்டிருக்கிறார்கள்? இந்த ஆதங்கம்தான் எனக்குக் குளிரைவிடப் பெரிதாக இருக்கிறது.

கடைசியில் நாலு பெரிய வார்த்தைகளைச் சேர்த்துக் கொடுத்தேன், பக்கம் வந்துவிட்டது. மாமா அதைக் குடும்பக் குழுவில் போட்டார். மறுநாள் காலை பாறசாலையிலிருந்து யாரோ ஒருவரின் பயாப்ஸி ரிப்போர்ட் என் போனில் கிடக்கிறது. "டாக்டர் மோளே, இதொண்ணு பாத்துச் சொல்லணும்."

நான் அந்த டாக்டர் இல்லை, திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள் என்று எழுதினேன். விடிகிறதுக்கு முன்னால் பஸ் பிடியுங்கள், நெய்யாற்றின்கரையில் கூட்டம் ஏறும், தம்பானூரில் இறங்கி மெடிக்கல் காலேஜ் பஸ் மாறுங்கள், பழைய ரிப்போர்ட் ஒன்றையும் விட்டுவிடாதீர்கள்.

மாமாவின் பதில் உடனே வந்தது: "பஸ்ஸெல்லாம் எங்களுக்குத் தெரியும் பிள்ளே. நீ ரிப்போர்ட்டைப் பாரு."