மலைச்சரிவில் அணியத் தகுந்த பிஸ்டல் உறை: தேர்ந்தெடுத்த அனுபவம்

கோத்தகிரிக்குக் கீழே தேயிலைத் தோட்டமொன்றை நிர்வகித்து வரும் எனக்கு, தற்காப்புக்காகப் பெற்ற உரிமத்தின்பேரில் .32 காலிபர் (குழல் விட்ட அளவு) பிஸ்டல் ஒன்று உள்ளது. அதை நாள் முழுவதும் உடலில் அணிந்து நடக்கவும், ஜீப் ஓட்டவும், அலுவலக மேசையில் அமர்ந்து கணக்குப் பார்க்கவும் ஏற்ற ஹோல்ஸ்டரை, அதாவது பிஸ்டல் உறையைத் தேடியபோது, முதலில் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளைத்தான் எடுத்துப் படித்தேன். பொது இடத்தில் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்பவர், அதற்கென அமைந்த உறையில் உடலோடு சேர்த்தோ, அதற்குரிய பைக்குள் வைத்தோதான் கொண்டு செல்ல வேண்டும் என்றும், ஆயுதம் முழுமையாக மூடப்பட்டு அவருடைய கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. ஆகவே நம் நாட்டில் துப்பாக்கியை மறைத்து அணிவது சட்டப்படியான கடமையே ஆகும்.

அந்தக் கடமை உறையின் சௌகரியத்தோடு நேரடியாகப் பிணைந்தது என்பதே என் உறுதியான கருத்து. உறுத்துகிற உறையை அணிந்தவரின் கை, அவர் அறியாமலேயே இடுப்புக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறை சரிசெய்யும்போதும் பிஸ்டல் சற்று நகரும், பார்ப்பவர்களுக்கும் விஷயம் தெரிந்துவிடும்.

கடைகளில் பொருத்தமான உறை எளிதில் அகப்படவில்லை. 9 மில்லிமீட்டர் ரகம் நம் நாட்டில் சாதாரண உரிமதாரர்களுக்குத் தடைசெய்யப்பட்டது. அதனால் நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் .32 வகைகளே. ஆனால் கைடெக்ஸ் எனப்படும் கெட்டியான பிளாஸ்டிக் தகட்டில் அச்செடுத்து வரும் உறைகள் அநேகமாக வெளிநாட்டு 9 மில்லிமீட்டர் மாடல்களின் அளவுக்கே செய்யப்படுகின்றன. மறுபுறம், இங்கே தாராளமாகக் கிடைக்கும் மெத்தென்ற நைலான் உறைகள் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கப்படுகின்றன. அப்படிப்பட்டவை எதற்கும் சரியாகப் பொருந்துவதில்லை. பிஸ்டலை உருவியதும் வாய் மடங்கிக்கொள்கிற உறையையும், ட்ரிகர் (சுடும் விசை) பகுதியை வெளியிலிருந்து விரலால் அழுத்த முடிகிற உறையையும் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்கக்கூடாது. மென்மையைச் சௌகரியமென்று எடுத்துக்கொண்டால் இந்த இடத்தில் ஆபத்து நேரும்.

அடுத்து, உடலில் எந்த இடத்தில் அணிவது என்ற கேள்வி எழுந்தது. குண்டுகள் அடுக்கிய மேகசினைக் கழற்றி, சேம்பர் (சுடுவதற்கு முன் குண்டு அமரும் அறை) காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, உறவினர் ஒருவரிடம் இருந்த பலவகை உறைகளை வாங்கி வீட்டுக்குள்ளேயே அணிந்து பழகிப் பார்த்தேன். வயிற்றுக்கு முன்புறம் அணிவது சமவெளியில் பலருக்கு ஒத்துவரலாம். செங்குத்தான ஏற்றத்தில் ஒவ்வோர் அடிக்கும் தொடை மேலெழும்போது உறையின் அடிப்பகுதி தொடையிடுக்கில் குத்துகிறது, அமரும்போது குழல் தொடையை நோக்கியே நிற்கிறது. நடுமுதுகில் அணிவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் மழைக்காலத்தில் பாசி பிடித்த தோட்டப் படிகளில் சறுக்கி மல்லாந்து விழுந்தால் அந்த இரும்பு முதுகெலும்பில்தான் இடிக்கும். கணுக்கால் உறை சேற்றிலும் ஈரத்திலும் கிடப்பது. அட்டை கடிக்கும் மாதங்களில் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. தோளில் மாட்டும் உறை ஜீப்பில் சுகமாக இருந்தது, ஆனால் அதன் குழல் பின்னால் வருபவரை நோக்கியிருப்பது எனக்கு ஒப்பவில்லை.

இறுதியில் நிலைத்தது, வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால், தொப்புளைப் பன்னிரண்டு மணியாகக் கொண்ட கடிகார முகப்புக் கணக்கில் நான்கு மணி என்று சொல்லப்படும் இடம். பிடி முன்னோக்கிச் சாயும்படி சுமார் 15 டிகிரி கோணம் கொடுத்தால், குனியும்போது பிடியின் முனை ஸ்வெட்டருக்கு வெளியே துருத்துவதில்லை. மலைக்குளிரில் தொடைவரை இறங்கும் ஜாக்கெட் எப்போதும் உடலில் இருப்பதால், உறையைக் கால்சட்டைக்கு உள்ளே திணிக்காமல் பெல்ட்டிலேயே வெளிப்புறமாக அணியலாம். இருபுறமும் அகன்ற துளைகளுள்ள தட்டையான உறையைப் பெல்ட் இழுத்து உடலோடு ஒட்டவைக்கிறது. இவ்விடத்தில் பெல்ட்டைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ஒன்றரை அங்குல அகலமுள்ள, இரட்டைத் தோலில் தைத்த விறைப்பான பெல்ட் எடையை இடுப்பு முழுவதும் பரப்பிவிடுகிறது. தொய்ந்த பெல்ட்டில் எவ்வளவு நல்ல உறையும் தொங்கி ஆடும். உறைக்குச் செலவழிப்பதற்கு முன் பெல்ட்டுக்குச் செலவழிக்கலாம் என்பேன்.

இவ்வளவும் தெளிவான பிறகு, ஊட்டியில் குதிரைச் சேணம் தைக்கும் ஒருவரிடம் உறையைச் செய்துதரக் கேட்டேன். உரிமமில்லாத ஒருவரிடம் பிஸ்டலை ஒப்படைக்கச் சட்டம் இடம்கொடுக்காது. ஆகவே தோட்டத்தில் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரத்துண்டில், ஆசாரியைக் கொண்டு அளவு பிசகாமல் ஒரு மாதிரியைச் செதுக்கச் செய்து கொண்டுபோனேன். அவர் அதைப் பார்த்தவுடன், “ஐயா, மரத்த வச்சிட்டுப் போங்க, ஆனா நீங்க ஜீப்புல உட்கார்ற மாதிரி ஒருதரம் உட்கார்ந்து காட்டுங்க” என்றார். நம் வாகனங்களில் ஓட்டுநரின் சீட் பெல்ட் வலது இடுப்புப் பக்கமே கீழே பிணைக்கப்பட்டிருப்பதால், உறை அதில் சிக்காத உயரத்தை அங்கேயே குறித்துக்கொண்டார்.

தோலும் அவருடைய தேர்வே. குரோம் உப்பில் பதனிட்ட தோல் குழைவாக இருந்தாலும், வடிவத்தைப் பிடித்து நிற்காது, எஃகையும் அரிக்கக்கூடும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட கெட்டித் தோலோ, நனைத்து மாதிரியின்மேல் அழுத்திக் காயவைத்தால் அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். நீலகிரியில் ஒரு காலத்தில் ஏராளமாக நட்டு வளர்க்கப்பட்ட சீகை (வாட்டில்) மரத்தின் பட்டையும் இவ்வாறு தோல் பதனிட உதவுவதே. மூடுபனியில் தோல் காய நாளானது. அவசரப்படுத்தி அடுப்பருகே வைத்தால் வெடித்துவிடும் என்பதால் நானும் பொறுத்திருந்தேன்.

உறை கைக்கு வந்ததும் காலிப் பிஸ்டலை அதில் வைத்து, படுக்கையின்மேல் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கி, நழுவாததைச் சோதித்தேன். பிறகு அதே காலிப் பிஸ்டலோடு வீட்டில் மாடிப்படி ஏறி, கூடையைத் தூக்கி, தரையில் சம்மணமிட்டு எழுந்து பார்த்தேன். ஒரு விஷயத்தில் மலைவாசிகள் தனிக்கவனம் கொள்ள வேண்டும்: நாம் அணியும் ஜாக்கெட்டுகளின் கீழ்விளிம்பில் இழுத்துக் கட்டும் கயிறும் அதன் நுனியில் பிளாஸ்டிக் குமிழும் இருக்கும். பிஸ்டலை உறைக்குள் செருகும்போது அந்தக் குமிழ் ட்ரிகர் வளையத்துக்குள் புகுந்தால், சேம்பரில் குண்டு ஏற்றிய துப்பாக்கி விரல் படாமலேயே வெடித்துவிடக்கூடும். என் ஜாக்கெட்டின் கயிறுகளை உருவியெடுத்துவிட்டேன். பிஸ்டலை எப்போதும் உறைக்குள் வைத்த பிறகே உறையைப் பெல்ட்டில் கோக்கிறேன். சேம்பரில் குண்டு ஏற்றி வைப்பதுமில்லை.

இரவில் பிஸ்டல் அந்த உறையில் தங்குவதில்லை. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் ஒட்டியிருக்கும் எஃகில் துரு ஏறும். எண்ணெய் பூசித் துடைத்த பிஸ்டல் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பூட்டிய பெட்டிக்குப் போகிறது, உறை காற்றோட்டமான அலமாரியில் தனியே தொங்குகிறது. மேட்டுப்பாளையம் இறங்க நேரும் நாட்களில் ஜாக்கெட் அணிய முடியாது என்பதால், கால்சட்டைக்குள் அணியும் மெல்லிய உறை ஒன்றை அதே மர மாதிரியில் தைக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கென இடுப்பளவு கூடுதலான கால்சட்டையும் தையற்காரரிடம் கொடுத்தாயிற்று.