உறைமண் சுவரும் கோலாலம்பூரின் சுண்ணாம்புப் பாறையும்

நிலத்தடிப் பணிகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். சிங்கப்பூரில் மண்ணையே உறையவைத்துச் சுரங்கம் தோண்டினார்களே, கோலாலம்பூரில் அது ஏன் முதல் தெரிவாக அமைவதில்லை? கேட்டவர்களே பெரும்பாலும் விடையையும் சொல்லிவிடுகிறார்கள்: நம் ஊர் வெயிலுக்குப் பனிக்கட்டி தாங்காது. இந்த விடை தவறு என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன். உறையவைத்தலுக்கு வெயில் பெரிய பகையன்று. நிலத்தடி நீரின் ஓட்டமே பகை.

இந்த முறை புதியதன்று. நீர் ஊறும் மணலில் சுரங்கக் குழி இறக்குவதற்காக ஜெர்மானியரான ஃபிரீட்ரிக் ஹெர்மன் போட்ச் 1883இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அடிப்படை அன்றிருந்ததே இன்றும். தோண்ட வேண்டிய பகுதியைச் சுற்றிலும் ஏறக்குறைய ஒரு மீட்டர் இடைவெளியில், அடிப்புறம் மூடிய எஃகுக் குழாய்களை இறக்குவார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னொரு மெல்லிய குழாய் இருக்கும். கால்சியம் குளோரைடு கரைசலை மைனஸ் 25 முதல் 30 டிகிரி வரை குளிர்வித்து உட்குழாய் வழியே அனுப்பினால், அது அடிவரை சென்று, இரு குழாய்களுக்கும் இடையிலுள்ள வெளியில் மேலேறி, வரும் வழியில் மண்ணின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு குளிர்விப்பானுக்குத் திரும்பும். குழாய் ஒவ்வொன்றையும் சுற்றி மண் உறைந்து தடித்து, வாரங்கள் செல்லச் செல்ல அண்டைக் குழாயின் உறைமண்ணோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி உருவாகும் சுவர் நீரையும் தடுக்கும், மண்ணின் அழுத்தத்தையும் தாங்கும். அவசரமென்றால் மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைச் செலுத்திச் சில நாட்களிலேயே உறையவைக்கலாம். ஆனால் செலவு மிகுதி, ஆவியாகும் வாயு காற்றோட்டமில்லாத இடத்தில் உயிர்க்காற்றை விலக்கி ஆட்களை மூச்சடைக்கச் செய்யும் என்பதால் காவலும் மிகுதியாக வேண்டும்.

இப்போது வெயிலின் கணக்கைப் பார்ப்போம். கோலாலம்பூரில் சில மீட்டர் ஆழத்தில் மண் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 28 டிகிரியிலேயே இருக்கும். வட ஐரோப்பாவில் அது 10 டிகிரியை ஒட்டி நிற்கும். நீர் செறிந்த ஒரு கன மீட்டர் மணலில் 400 கிலோ நீரும் 1,600 கிலோ மணலும் இருப்பதாகக் கொண்டால், அதை நம் ஊரில் சுழியம் டிகிரிக்குக் குளிர்விக்க 84 மெகாஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஐரோப்பாவில் 30 போதும். ஆனால் சுழியத்தை எட்டிய நீரைப் பனிக்கட்டியாக்க இரண்டு இடங்களிலும் 134 மெகாஜூல் தேவை, ஏனெனில் ஒரு கிலோ நீர் உறையும்போது 334 கிலோஜூல் உள்ளுறை வெப்பத்தை விடுகிறது. மொத்தம் இங்கே 218, அங்கே 164. வெப்பமண்டலத்தில் வேலை மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. இன்னும் சற்றுப் பெரிய இயந்திரமும் மின்கட்டணமும் அதைச் சமாளித்துவிடும்.

ஓட்டம் அப்படியன்று. அதே மணலின் இடைவெளிகளில் நீர் நாளொன்றுக்கு ஒரு மீட்டர் நகர்வதாக வைத்துக்கொள்வோம். அப்போது ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின் வழியாகவும் நாள்தோறும் 400 லிட்டர் புதுநீர் 28 டிகிரி வெப்பத்தோடு வந்துசேர்ந்து, சுழியத்துக்குக் குளிர்வதற்குள் 47 மெகாஜூலை அங்கே இறக்கிவைக்கும். ஐந்து நாளில் அது ஒரு கன மீட்டர் மண்ணை உறையவைப்பதற்கான முழுக் கணக்கையும் விஞ்சிவிடுகிறது. ஆறாம் நாளும் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். உப்புக்கரைசல் முறைக்கு நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு மீட்டர் வேகமே எல்லை என்று பொறியாளர்கள் வைத்திருப்பதன் காரணம் இதுவே. அதற்கு மேல் ஓட்டமிருந்தால் இரண்டு குழாய்களுக்கிடையே ஒரு வாசல் மூடாமலே நிற்கும், மூடாத அந்த ஒரு வாசலில் நீர் இன்னும் விரைந்து பாயும்.

இனி நம் நகரின் அடித்தளத்துக்கு வருவோம். பத்துமலைக் குகைகளைத் தரைக்குமேல் பார்க்கிறோம். கோலாலம்பூரின் பெரும்பகுதிக்கு அடியில் கிடப்பதும் அதே சுண்ணாம்புப் பாறைதான். மழைநீர் பல்லூழிக்காலம் கரைத்ததால் அதில் கூம்புகளும் பிளவுகளும் குடைவுகளும் நிறைந்துள்ளன. மேலே பழைய ஈயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற தளர்ந்த மணலும் சேறும் பல இடங்களில் படிந்திருக்கின்றன. ஒரு குடைவுக்குள் நீர் எத்திசையில், எவ்வளவு விரைவாக ஓடும் என்பதைச் சில துளைகளை இட்டு மட்டும் சொல்லிவிட முடியாது. இங்கே உறையவைத்தலை நம்புவது முறையன்று என்பது என் உறுதியான கருத்து. ஆகவேதான் 2007இல் திறக்கப்பட்ட, 13.2 மீட்டர் விட்டமுள்ள இயந்திரங்கள் துளைத்த, வெள்ளநீரையும் வாகனங்களையும் கொண்டுசெல்லும் ஸ்மார்ட் சுரங்கத்தில், களிமண் கலந்த நீரான கூழை அழுத்தத்தோடு செலுத்தித் தோண்டும் முகப்பைத் தாங்கினார்கள். அந்தக் கூழ் குடைவுகளுக்குள் வழிந்தோடிவிடும் தொல்லைக்கு விடையாகவே, காஜாங் எம்ஆர்டி நகர ரயில் வழித்தடத்துக்குக் கூழின் அடர்த்தியை மாற்றிக்கொள்ளும் துளைப்பு இயந்திரம் உலகிலேயே முதன்முறையாக உருவாக்கப்பட்டது. நம் மண்ணின் குணத்திலிருந்து பிறந்த தீர்வு அது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

சிங்கப்பூரின் மரினா பே நிலையத்தில் நிலைமை வேறு. அங்கே தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் வழித்தடத்துக்காக, ரயில்கள் ஓடிக்கொண்டிருந்த நிலையத்துக்குக் கீழேயே மென்மையான கடற்களிமண்ணைத் தோண்ட வேண்டியிருந்தது. களிமண்ணில் நீர் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். உறையவைத்தலுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் அரிது.

ஆனால் களிமண்ணுக்கும் தன் தொல்லைகள் உண்டு. நீர் உறையும்போது 9 விழுக்காடு பருக்கும். அதோடு களிமண் சுற்றிலுமுள்ள நீரைத் தன்பால் இழுத்துப் பனிப்பட்டைகளாக அடுக்கிக்கொள்வதால் தரை மேலெழும். உருகும்போது அது முன்னிருந்த மட்டத்துக்கும் கீழே அமிழக்கூடும். எனவே உறையவைப்பதைப் போலவே உருகவிடுவதையும் திட்டமிட வேண்டும், அமிழும் மண்ணுக்குச் சிமென்ட் கூழ் செலுத்தி ஈடுகட்ட வேண்டும். பணி நடக்கும் நாட்களில் வெப்பமானிகளை ஒருநாளும் அலட்சியம் செய்யலாகாது. ஷாங்காயில் 2003 ஜூலை 1 அன்று, நான்காம் மெட்ரோ வழித்தடத்தின் இரு சுரங்கங்களை இணைக்கும் குறுக்குப்பாதையை உறைமண்ணில் தோண்டும்போது நீரும் மணலும் உள்ளே பாய்ந்தன. சுரங்கம் சிதைந்தது, மேலிருந்த கட்டடங்கள் சாய்ந்தன. அந்த வட்டப்பாதை முழுமையடைய 2007 இறுதிவரை ஆயிற்று.

மலேசியாவில் இம்முறைக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பினாங்கின் கரையோரக் கடற்களிமண்ணில் ஆழமான குறுக்குப்பாதையோ நீரேற்றக் குழியோ தோண்ட நேர்ந்தால், அதை எண்ணிப்பார்க்கலாம். அங்கே இரண்டு கூறுகளை முதலில் அளக்க வேண்டும். கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரியில்தான் உறையத் தொடங்கும். உறையும்போது உப்பு எஞ்சிய நீரில் செறிந்து உறைநிலையை மேலும் தாழ்த்தும், ஆதலால் சுவர் வலுப்பெற இன்னும் ஆழ்ந்த குளிர் வேண்டும். மற்றது ஓதம். களிமண்ணுக்கிடையே மணல் படலம் இருந்தால், கடல் ஏறி இறங்கும்போது அதில் நீர் முன்னும் பின்னும் நகரும். ஒருமுறை அளந்த நீர்மட்டத்தை வைத்து அதைக் கண்டுகொள்ள இயலாது; பௌர்ணமி, அமாவாசை ஓதங்களையும் உள்ளடக்கிக் குறைந்தது ஒரு திங்கள் தொடர்ந்து அளக்க வேண்டும்.