முகம் செதுக்கப்படாத தளபதி

உரோம் நகரின் பலாட்சோ மாசிமோ அருங்காட்சியகத்தில், 1931-இல் போர்தொனாச்சோ பகுதியில் கிடைத்த பளிங்கு ஈமப்பேழை ஒன்று இருக்கிறது. அது கி.பி. 180-ஐ ஒட்டிய காலத்தது. உரோமச் செல்வர்களிடையே உடலை எரிக்கும் வழக்கம் குறைந்து அடக்கம் செய்யும் வழக்கம் பரவிய அந்த இரண்டாம் நூற்றாண்டில்தான் இத்தகைய பேழைகளுக்குப் பெருந்தேவை எழுந்தது.

முன்பக்கத்தில் உரோமக் குதிரைவீரர்களும் வீழும் எதிரிகளும் இம்மி இடைவெளியின்றிப் பின்னிக் கிடக்கிறார்கள். தாடியின் சுருள்களையும் குதிரைப் பிடரியையும் துளைக்கருவியால் ஆழக் குடைந்திருப்பதால், நிழல் தங்கி, கல்லே அசைவதுபோல் தோன்றுகிறது. இரு ஓரங்களிலும் வெற்றிச் சின்னங்களின் கீழே சிறைப்பட்ட ஆணும் பெண்ணும் துயரத்தோடு நிற்கிறார்கள். போரைவிட அவர்களே என் நெஞ்சில் தங்கினார்கள்.

ஆனால் நடுவில் குதிரைமேல் பாய்ந்து வரும் தளபதிக்கு முகமே இல்லை. பேழையின் மூடியில், அவரும் மனைவியும் வலக்கை பற்றி நிற்கும் திருமணக் காட்சியிலும் அப்படித்தான்: ஆடையின் மடிப்புகள்கூட நுணுக்கமாக இருக்க, முகங்கள் மட்டும் கரடுமுரடான கல்லாகவே நிற்கின்றன. உரியவரின் சாயலைப் பிறகு செதுக்கிக்கொள்வதற்காகச் சிற்பி விட்டுவைத்த இடம் அது என்றே கருதுகிறேன்.