வேலூர்க் கோட்டையில் ஒரு காலை

அம்மாவின் பரிசோதனை முடிவு மாலையில்தான் வரும் என்று சொல்லிவிட்டார்கள். அவரை லாட்ஜில் அக்காவோடு விட்டுவிட்டுக் கோட்டைக்கு நடந்தேன். வேலூருக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறேன், எல்லாமே ஆஸ்பத்திரிக்காக. கோட்டையை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

வெளியிலிருந்து பார்க்கும்போது அது இவ்வளவு பெரிது என்று தெரியாது. 133 ஏக்கர். சுற்றிலும் அகழி, அதற்குள்ளிருந்து எழும் கருங்கல் மதில். உள்ளே கோயில், மசூதி, மாதா கோயில் மூன்றும் இருக்கின்றன. முதலில் ஜலகண்டேசுவரரைக் கும்பிட்டேன். பல தலைமுறைகளாக மூலவர் இல்லாமல் கிடந்த கோயில் இது. 1981-இல்தான் லிங்கத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். கல்யாண மண்டபத் தூண்களை மட்டுமே ஒரு நாள் முழுக்கப் பார்க்கலாம். ஆனால் நான் வந்த காரியம் வேறு.

1806 ஜூலை 10, விடிவதற்கு வெகு முன்பே, இதே மதிலுக்குள் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்கள் தங்கள் வெள்ளைக்கார அதிகாரிகள் மீது துப்பாக்கியைத் திருப்பினார்கள். 1857-இல் மீரட்டில் வெடித்த பெரும் சிப்பாய்க் கலகத்துக்கு ஐம்பத்தோரு வருடம் முன்பு. பள்ளிக்கூடத்தில் 'வேலூர்ப் புரட்சி' என்று ஒரு பத்தி படித்திருக்கிறோம். தலைப்பாகைதான் காரணம் என்று எழுதினால் மார்க் கிடைக்கும். அது பொய்யில்லை, ஆனால் அந்தத் தலைப்பாகை என்னவென்று அப்போது யாரும் எனக்கு விளக்கிச் சொல்லவில்லை.

1805 கடைசியில் சென்னைப் படைக்குப் புதிய உடை விதிகள் வந்தன. நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, மீசையும் அவர்கள் சொல்லும் அளவில்தான். அதோடு தொப்பி போன்ற ஒரு புதிய தலைப்பாகை, அதில் தோலால் செய்த சின்னம். எந்த விலங்கின் தோலோ? இந்துவுக்கு ஒரு பயம், முஸ்லிமுக்கு ஒரு பயம். தொப்பி போடுகிறவன் என்றால் அன்றைக்கு வெள்ளைக்காரன், கிறிஸ்தவன் என்று அர்த்தம். நாளைக்கு இதைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனால் வீட்டில் தண்ணீர் கொடுப்பார்களா, பெண் கொடுப்பார்களா என்று அந்தச் சிப்பாய் யோசித்திருப்பான். திருநீறு வைக்காமல் என் தாத்தா வாசற்படி தாண்டியதில்லை. அவரை நினைத்துக்கொண்டால் இந்தக் கோபம் எனக்கு உடனே புரிகிறது.

அவர்கள் எடுத்த எடுப்பில் துப்பாக்கியைத் தூக்கவில்லை. மே மாதமே இதே வேலூரில் மறுத்தார்கள். பதில் சவுக்கடியாக வந்தது. ஓர் இந்துவையும் ஒரு முஸ்லிமையும் அடித்துப் படையிலிருந்தே விரட்டினார்கள். ஜூன் மாதம் முஸ்தபா பெக் என்ற சிப்பாய், கலகம் வரப்போகிறது என்று கர்னல் ஃபோர்ப்ஸிடமே போய்ச் சொன்னார். அவரைப் பைத்தியம் என்று சொல்லிச் சிறையில் போட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு அதே ஆளுக்கு 2000 வராகன் பரிசு! அவகாசம் இருந்தது, கேட்கக் காது இல்லை. எனக்கு இதுதான் உண்மையான காரணமாகப் படுகிறது. தளபதி கிராடக்கும் ஆளுநர் பெண்டிங்கும் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றிருந்தால் போதும்.

திப்பு மகால், ஹைதர் மகால் இரண்டையும் வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது. 1799-இல் மைசூர் மன்னர் திப்பு சுல்தானின் தலைநகரம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் பிள்ளைகளையும் பெண்களையும் இங்கேதான் வைத்திருந்தார்கள். கலகத்துக்கு முதல் நாள் திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். அந்தக் கூட்டம் சிப்பாய்களுக்கு வசதியாக அமைந்தது. கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் உட்பட வெள்ளையர் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். மதில் மேல் மைசூர்க் கொடி ஏறியது. திப்புவின் மகன் ஃபத்தே ஹைதர்தான் அரசர் என்றார்கள்.

அப்புறம் நடந்ததுதான் மனதைப் பிசைகிறது. கோட்டை கையில் இருந்தும் கட்டுப்பாடு இல்லை, பலர் கொள்ளையில் இறங்கிவிட்டார்கள். சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி ஆற்காட்டில் குதிரைப்படை இருந்தது. அதன் தலைவர் கில்லஸ்பி காலையிலேயே வந்து சேர்ந்தார். பீரங்கியால் கதவு தகர்ந்தது. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட சிப்பாய்களை வெளியே இழுத்து வந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். இதை எழுதி வைத்தவர், கதவைத் தகர்த்த பொறியாளர் ஜான் பிளாக்கிஸ்டனே. அன்று இறந்த சிப்பாய்கள் 350 என்றும் 800 என்றும் கணக்குகள் மாறுகின்றன. விசாரணைக்குப் பிறகும் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள், சிலரைத் தூக்கில் போட்டார்கள். மூன்று பட்டாளங்கள் கலைக்கப்பட்டன. அந்தத் தலைப்பாகை ஒழிந்தது. கிராடக்கையும் பெண்டிங்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. ஆனால் பெண்டிங் பின்னால் கவர்னர் ஜெனரலாகவே இந்தியாவுக்கு வந்தார். அந்தச் சுவர் எது என்று தேடித் தேடி நடந்தேன். யாருக்கும் தெரியவில்லை.

மர நிழலில் உட்கார்ந்தபோது பக்கத்தில் ஒரு வங்காளிக் குடும்பம். வேலூரில் இது புதிதில்லை, பாதி லாட்ஜ் போர்டுகளில் வங்காள எழுத்து இருக்கிறது. பெரியவர் கொல்கத்தாக்காரர், மனைவியின் சிகிச்சைக்காக வந்தவர். இது என்ன கட்டடம் என்று இந்தியில் கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் திப்பு குடும்பம் என்றேன். உடனே, "தர்மதலாவில் திப்பு சுல்தான் மசூதி இருக்கிறதே, தினமும் அதைத் தாண்டித்தான் ஆபீஸ் போவேன்" என்றார்.

கலகத்துக்குப் பிறகு திப்புவின் மகன்களைக் கொல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும், 1842-இல் அந்த மசூதியைக் கட்டிய குலாம் முகமது திப்புவின் கடைசி மகன் என்றும், கலகம் நடந்தபோது அவருக்குப் பதினொரு வயது, இங்கேதான் இருந்தார் என்றும் சொன்னேன்.

பெரியவர் பேசவில்லை. தூரத்தில் விளையாடிக்கொண்டிருந்த பேரனைக் கூப்பிட்டு, மகாலைக் காட்டி வங்காளத்தில் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். அந்தப் பையனுக்கும் பத்துப் பதினொரு வயதுதான் இருக்கும்.