‘எப்போதும் இல்லை’ என்றால் என்ன அர்த்தம்? இளையோரின் ஓயாத யோசனையைத் தமிழில் அளந்த அனுபவம்

பதற்றமும் மனச்சோர்வும் உள்ள பிள்ளைகளிடம் இரண்டு வகைப் புலம்பல் கலந்தே வரும். “ரிசல்ட் என்ன ஆகுமோ” என்பது வரப்போவதைப் பற்றியது. “அன்னைக்கு ஏன் அப்படிப் பேசித் தொலைச்சேன்” என்பது நடந்து முடிந்ததைப் பற்றியது. முன்னதற்குக் கவலை என்றும் பின்னதற்கு அசைபோடுதல் என்றும் பெயர் வைத்து, தனித்தனி வினாத்தாள் உண்டு. கவலைக்குப் பென் ஸ்டேட் வினாத்தாள்: பெரியவர்களுக்கு 16 கேள்விகள், பிள்ளைகளுக்கு 14. அசைபோடுதலுக்கு நோலன்-ஹோக்செமா குழுவின் 22 கேள்விகள். அந்த 22இல் 12 கேள்விகள் மனச்சோர்வின் அறிகுறிகளையே வேறு வார்த்தையில் கேட்கின்றன என்று 2003இல் அவர்களே கழித்துவிட்டு 10ஐ மட்டும் வைத்துப் பார்த்தார்கள். கழிக்காமல் பயன்படுத்தினால் மனச்சோர்வை மனச்சோர்வோடு ஒப்பிட்டுவிட்டு “வலுவான தொடர்பு” என்று அறிக்கை எழுதுவோம்.

அதனால் நாங்கள் எடுத்தது பி.டி.க்யூ. (ஓயாமல் திரும்பத் திரும்ப ஓடும் யோசனையை அளப்பது) என்னும் வினாத்தாள். ஏரிங்கும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்டது. 15 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 60. எதைப் பற்றி யோசிக்கிறாய் என்று இது கேட்பதில்லை, யோசனை எப்படி ஓடுகிறது என்றுதான் கேட்கும். திரும்பத் திரும்ப வருகிறதா, கேட்காமல் நுழைகிறதா, விட்டு வெளியே வர முடிகிறதா என்பவை 9 கேள்விகள். யோசித்துப் பலன் உண்டா என்பது 3. மூளையின் இடம் முழுவதையும் அடைத்துக்கொள்கிறதா என்பது 3. சிறுவர்களுக்கென்று தனி வடிவமும் உண்டு. எதுவானாலும் மொழிபெயர்க்கும் முன் உருவாக்கியவர்களின் அனுமதியை எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

வழக்கமான முறை தெரிந்ததுதான்: இருவர் தனித்தனியாகத் தமிழாக்குவது, இரண்டையும் சேர்த்து ஒன்றாக்குவது, மூலத்தைப் பார்க்காத இருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது, பிறகு குழுவாக உட்கார்ந்து ஒப்பிடுவது. இதெல்லாம் சுத்தமாக முடிந்த பிறகும் தாள் பிள்ளைகளிடம் தடுக்கி விழுந்தது.

முதலில் ‘எண்ணம்’ என்ற சொல். பாடப்புத்தகத்தில் அது சரி. பேச்சில் ‘எண்ணம்’ என்றால் உள்நோக்கம். ‘கெட்ட எண்ணம்’ என்றதும் “நான் யாருக்கும் கெடுதல் நினைக்கிறதில்ல” என்று பதில் வரும். ‘நினைப்பு’ என்று மாற்றினால் காதல் நினைப்பு, இல்லையேல் தலைக்கனம். ‘யோசனை’ என்றால் ஐடியா. பெயர்ச்சொல்லைத் தேடுவதையே விட்டுவிட்டு வினைச்சொல்லுக்குத் தாவியபோதுதான் வழி கிடைத்தது: ‘ஒரே விஷயம் மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கிறது.’ பிள்ளைகள் தாங்களாகவே சொல்வதும் “மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு” என்றுதான். இன்னொன்று: இலங்கைத் தமிழில் ‘யோசிக்காதேங்கோ’ என்றால் கவலைப்படாதீர்கள் என்று பொருள். அங்கே ‘யோசிக்கிறது’ என்ற சொல்லிலேயே மனக்கஷ்டம் ஏறியிருக்கிறது. மதுரையில் சரிபார்த்த தாளை யாழ்ப்பாணத்தில் அப்படியே நீட்டக் கூடாது.

அடுத்தது பதில் வரிசை. எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான். ‘எப்போதும் இல்லை, அரிதாக, சில சமயம், அடிக்கடி, ஏறக்குறைய எப்போதும்’ என்று அச்சிட்டால் பார்க்கக் குறையே தெரியாது. ஆனால் ‘எப்போதும் இல்லை’ என்பதற்குத் தமிழில் இரண்டு அர்த்தம். ஒரு தடவைகூட இல்லை என்பது ஒன்று. எல்லா நேரமும் இல்லை, அப்பப்ப உண்டு என்பது இன்னொன்று. இரண்டாவதாகப் படித்த பிள்ளை 2 போட வேண்டிய இடத்தில் 0 போட்டுவிடும். திருப்பி மொழிபெயர்ப்பதில் இது அகப்படவே அகப்படாது. இரண்டு மொழியும் தெரிந்தவர் மூலத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்துச் சரியான ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிடுவார்.

அகப்பட்டது சீட்டு வைத்துப் பார்த்தபோது. ஐந்து பதிலையும் ஐந்து துண்டுச் சீட்டில் எழுதி, கலைத்துக் கொடுத்து, குறைவிலிருந்து அதிகமாக வரிசைப்படுத்தச் சொல்ல வேண்டும். ‘அரிதாக’ என்பதற்குப் பதில் ‘எப்பவாவது’ என்று எழுதினால் அதுவும் ‘சில சமயம்’ என்பதும் இடம் மாறி மாறி உட்காரும். கடைசியில் நின்றவை: ‘ஒரு தடவைகூட இல்லை, ரொம்ப அபூர்வமாக, சில நேரம், அடிக்கடி, கிட்டத்தட்ட எப்பவுமே’. ஒருவருக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது. இதைச் செய்யாத தாளை நாங்கள் இப்போது நம்புவதில்லை.

எதிர்மறை வாக்கியமும் இதே மாதிரி காலை வாரும். ‘யோசிப்பது எனக்கு உதவுவதில்லை’ என்ற வரிக்கு ‘ஒரு தடவைகூட இல்லை’ என்று பதில் சொல்ல வேண்டுமானால் பதினாலு வயசுப் பிள்ளை என்ன செய்யும்? நடுவில் 2ஐ வட்டமிட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். ‘யோசித்து யோசித்து நேரம்தான் வீணாகிறது’ என்று உடன்பாடாகத் திருப்பியதும் தயக்கம் போனது. ஆனால் திருப்பிய கேள்வி இன்னும் அதே பொருளைத்தான் கேட்கிறதா என்று உருவாக்கியவர்களிடம் மறுபடி காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். எல்லாக் கேள்வியும் ஒரே திசையில் இருப்பதால் நேர்கோடாக 2, 2, 2 என்று நிரப்பியதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். டேப்லெட்டில் கொடுத்தால் நேரம் பதிவாகும். 15 கேள்வியை அரை நிமிஷத்தில் முடித்தவர் படிக்கவில்லை.

18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் சம்மதமும் பிள்ளையின் சம்மதமும் தனித்தனியாக வேண்டும். நிரப்பும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எண் தானாக இறங்கும். “யாரிடமும் சொல்ல மாட்டோம்” என்று மட்டும் வாக்குக் கொடுக்கக் கூடாது, உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும். கூடவே மனச்சோர்வுக்குப் பி.எச்.க்யூ-9, பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7 கொடுத்தோம். பி.எச்.க்யூவின் 9ஆவது கேள்வி சாவைப் பற்றியும் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியும் கேட்கும். அதில் 0 தவிர எது வந்தாலும் அந்தப் பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒருவர் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். பள்ளி மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது தாளைக் கொடுப்பது அதனால்தான் தவறு. டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416ஐ எல்லாருக்கும் கொடுத்துவிடலாம், தனியாகச் சிலருக்கு மட்டும் கொடுத்தால் வகுப்பே கவனிக்கும்.

பி.டி.க்யூ. ‘வழக்கமாக’ எப்படி என்று கேட்கிறது. மற்ற இரண்டும் ‘கடந்த 2 வாரத்தில்’ என்று கேட்கின்றன. இந்த வேறுபாட்டை வாயாலும் ஒருமுறை சொல்லாவிட்டால் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் நேற்றைய மனநிலையிலிருந்தே பதில் எழுதுவார்கள்.

எண்ணிக்கையில், 15 கேள்விக்குக் காரணிப் பகுப்பாய்வு (எந்தெந்தக் கேள்விகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்ப்பது) செய்ய, கேள்விக்கு ஏழு பேர் என்ற கணக்கில் 105 பேராவது வேண்டும். ஆண், பெண் இருபாலாருக்கும் தாள் ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு பக்கமும் 200 பேர் இருந்தால் நல்லது. ஆல்பா, அதாவது கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண், 0.95ஐத் தாண்டினால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை, ஒரே கேள்வியை வேறு வேறு வார்த்தையில் கேட்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

மறுசோதனைக்கு, அதாவது அதே பிள்ளைகளிடம் அதே தாளை மறுபடி கொடுப்பதற்கு, 2 வார இடைவெளி விடுவது வழக்கம். அந்த 2 வாரத்துக்குள் பிளஸ் டூ ரிசல்ட்டோ நீட் தேர்வோ வந்துவிட்டால் ஐ.சி.சி. (இரண்டு தடவை வந்த மதிப்பெண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) சரிந்துவிடும். அது தாளின் குற்றமல்ல, நாள் பார்த்தவரின் குற்றம். ஐ.சி.சி. 0.70க்கு மேல் இருக்க வேண்டும் என்பார்கள். 0.80 வந்தது, மதிப்பெண்ணின் திட்ட விலக்கம் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவுப் பிழை 12 × √0.20, அதாவது 5.4. ஒருவரிடம் உண்மையான மாற்றம் என்று சொல்ல 1.96 × √2 × 5.4, கிட்டத்தட்ட 15 மதிப்பெண் வித்தியாசம் வேண்டும். ஆலோசனைக்கு வந்த பிள்ளை 44இலிருந்து 38க்கு இறங்கியதும் “குறைஞ்சிருக்கு பாருங்க” என்று பெற்றோரிடம் தாளைக் காட்டுகிறார்களே, அந்த 6 மதிப்பெண் வெறும் பிழையாகவும் இருக்கலாம்.